எந்த ஊரில் எது முதலிடம்?

கேள்வி: 70-களின் தொடக்கத்தில் அமெரிக்க வானொலி நிலையங்கள் ஆளாளுக்கு ஒரு 'டாப் 30', 'டாப் 40' வெளியிட்டனவாமே? நாடு முழுவதற்கும் பில்போர்டு பட்டியல் இருக்கும்போது அது எதற்கு? (கோவை வாசகர்)

பதில்: பில்போர்டின் 'ஹாட் 100' 1958-லேயே வந்துவிட்டது. ஆனால் அது இசை வியாபாரிகளின் பத்திரிகை. சிகாகோவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனுக்கு டபிள்யூஎல்எஸ் வானொலி நிலையம் இந்த வாரம் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். லாஸ் ஏஞ்சலஸ் என்றால் கேஹெச்ஜே நிலையத்தின் 'பாஸ் 30', எல்லை தாண்டிக் கனடாவின் டொரான்டோ என்றால் சம் (CHUM) நிலையத்தின் 'சம் சார்ட்'. வாராவாரம் பட்டியலைத் துண்டுத் தாளாக அச்சடித்து ரெக்கார்டு கடை கவுன்டரில் கட்டுக்கட்டாக வைத்துவிடுவார்கள், காசு கிடையாது. பாட்டு, பாடியவர், இந்த வார இடம், போன வார இடம், மிச்ச இடத்தில் அறிவிப்பாளரின் சிரித்த முகமோ விளம்பரமோ. நிலையத்துக்கு விளம்பரம், கடைக்கு வியாபாரம், பையனுக்கு நண்பர்களோடு சண்டை போட ஆதாரம்!

கேள்வி: அந்தப் பட்டியலை எப்படிக் கணக்கிட்டார்கள்? நேர்மையாக நடந்ததா? (மதுரை வாசகி)

பதில்: உள்ளூர்க் கடைகளுக்குப் போன் போட்டு எந்த 45 ஆர்பிஎம் தட்டு (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டு) நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள், நேயர்கள் போனில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்ப்பார்கள், அப்புறம் பாடல்களைத் தேர்வு செய்யும் பொறுப்பாளர் தன் காதை நம்பி ஏற்றி இறக்குவார். ஆக, பாதி கணக்கு, பாதி ஒரு மனிதரின் ரசனை. காசு வாங்கிக்கொண்டு அதை மறைத்துப் பாட்டுப் போடுவதை 1960-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள் என்றாலும், கடைக்காரருக்கு நாலு தட்டு இலவசமாகக் கொடுத்து "நல்லா விக்குது" என்று சொல்லவைப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்? இன்னொரு சிக்கலும் உண்டு: முதல் சில இடங்களில் இருக்கும் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள், திரும்பத் திரும்பக் கேட்பதால்தான் அது விற்கும், விற்பதால் மேலேயே இருக்கும். இதில் நேர்மை எங்கே முடிகிறது என்று சொல்வது கஷ்டம். ஆனாலும் ஒரு ஊரின் காது எப்படி இருந்தது என்பதற்கு நாடளாவிய பட்டியலைவிட இந்தத் தாள்களைத்தான் நான் நம்புவேன்.

கேள்வி: உள்ளூர் நிலையம் ஒன்று பாட்டை நாடு முழுவதும் ஹிட் ஆக்க முடியுமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஆக்கியிருக்கிறது. டெட்ராய்ட் நகருக்கு ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்ட்சரில் சிகேஎல்டபிள்யூ என்று 50,000 வாட் நிலையம். மீடியம் வேவ் என்பதால் இருட்டினால் பல மாநிலங்களில் கேட்கும். அங்கே பாடல்களைத் தேர்வு செய்தவர் ரோசலி ட்ராம்ப்ளி, 1963-ல் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக அந்த நாற்காலிக்கு வந்தவர். பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானின் 'பென்னி அண்ட் த ஜெட்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டாகக் கிடந்தபோது, டெட்ராய்டின் கறுப்பின நேயர்கள் அதை விரும்பிக் கேட்பதைக் கவனித்து அவர் ஒலிபரப்பினார். தனித் தட்டாகப் போட எல்டனுக்கு மனமில்லை, அவர் மனதில் வேறு பாட்டு இருந்தது. ஆனாலும் ரெக்கார்டு கம்பெனி அதையே தனித் தட்டாக வெளியிட்டது. 1974 ஏப்ரலில் அது அமெரிக்காவில் முதலிடம்.

இதே நிலையத்துக்கு 1971 முதல் இன்னொரு தலைவலி: ஏஎம் (மீடியம் வேவ்) நிலையங்கள் போடும் பாடல்களில் 30 சதவீதம் கனடாப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதி வந்துவிட்டது. நேயர்களில் பெரும்பாலோரோ எல்லைக்கு அந்தப்புறம்! டெட்ராய்ட்காரர்கள் டயலைத் திருப்பிவிடாத கனடாப் பாட்டாகப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருந்தது.

கேள்வி: இப்போது ஏன் அந்தத் தாள்கள் இல்லை? (சேலம் வாசகர்)

பதில்: 70-களின் கடைசியில் கேட்பவர்கள் எஃப்எம் பக்கம் போய்விட்டார்கள். நிலையங்களும் ராக், சோல், கன்ட்ரி என்று ஆளுக்கொரு ரகத்தைப் பிடித்துக்கொண்டன, எல்லாவற்றையும் கலந்து கட்டும் பட்டியலுக்கு வேலை குறைந்தது. 'சம் சார்ட்' 1957-ல் தொடங்கி 1986 வரை தாக்குப்பிடித்தது. 1991-ல் பில்போர்டே கடைக்காரர்களின் வாய்மொழியை விட்டுவிட்டு, கவுன்டரில் ஸ்கேன் செய்த விற்பனைக் கணக்குக்கு மாறியது. பழைய தாள்களைச் சேகரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.