பீர் சக்கை: ஆறு ரூபாய்ச் சரக்கின் அசல் விலை

கேள்வி: நாமக்கல் பக்கம் சொந்த முதலில் 5,000 பிராய்லர் வளர்க்கிறேன். தீவனம் கிலோ 40 ரூபாய் அடங்குகிறது. பீர் ஆலையின் ஈரச் சக்கை கிலோ 6 ரூபாய்க்குப் பண்ணையிலேயே வந்து இறங்குமாம். 3 லட்சம் கடன் வாங்கி உலர்த்தும் இயந்திரம் வைத்து, கோழிக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். ஈரச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு டன்னை உலர்த்தினால் சுமார் 245 கிலோதான் மிஞ்சும். உலர்த்தும் செலவைச் சேர்க்கும் முன்பே கிலோ ஏறக்குறைய 24.50 ஆகிவிட்டது.

அது கோழிக்கு எவ்வளவு பெறும்? புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பதைக் காட்டித்தான் விற்பார்கள். ஆனால் எரிசக்தி கிலோவுக்கு 2,100 கிலோகலோரி அளவுதான். ஃபினிஷருக்கு, அதாவது கடைசி வாரங்களின் தீவனத்துக்கு, 3,150 வேண்டும். ஒரு கிலோ சக்கையின் குறையை அடைக்க 190 கிராம் எண்ணெய் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 1.19 கிலோ தீவனத்துக்கு, அதாவது 47.60 ரூபாய்க்கு ஈடு. எண்ணெய் கிலோ 120 என்று வைத்தால் 22.80 கழியும். சக்கையின் மதிப்பு 25 ரூபாய்க்குள் நின்றுவிடுகிறது. லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் அதற்குத் தனிச் செலவு.

கடன் கணக்கு இன்னும் மோசம். நார் அதிகம் என்பதால் முதல் 3 வாரம் சக்கை கூடாது. பிறகும் 5 சதவீதத்தோடு நிறுத்துவது நல்லது. கூடினால் எச்சம் இளகி, லிட்டர் (கொட்டகைத் தரையில் பரப்பும் படுக்கை) ஈரமாகி, அமோனியா ஏறும். கோழிக்கு 1.8 கிலோ ஃபினிஷர் என்றால் ஒரு பேட்ச்சுக்கு 450 கிலோ சக்கை, வருடம் 6 பேட்ச்சுக்கு 2,700 கிலோ. 11 சதவீத வட்டி 33,000 ரூபாய். வட்டி மட்டுமே கிலோவுக்கு 12 ரூபாய்!

சக்கை 4 ரூபாய்க்கு இறங்கினால், கடனில்லாமல், வெயில் காலத்தில் சிமென்ட் களத்தில் மெல்லிசாகப் பரப்பி ஈரம் 10 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்துப் பார்க்கலாம். வந்த அன்றே பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சு காயவைத்தாலும் போகாது. அரைத்து, நாரை உடைக்கும் என்சைம் கலந்து, தட்டி கட்டிப் பிரித்த 500 கோழிக்கு மட்டும் போடுங்கள். தீவனத்தையும் விற்பனை எடையையும் தனியே குறியுங்கள். முழுப் பேட்ச்சுக்கும் போட்டால்கூட மற்றச் செலவுகள் போக மிச்சம் 2,000 ரூபாய் சுமார்; 2 கிலோ கோழியில் எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடைக்குப் பிடிக்கும் தீவனக் கிலோ) 0.01 ஏறினாலே 4,000 போய்விடும்.

கறவை மாடு இருந்தால் இந்தச் சக்கையை உலர்த்தாமலே, புதிதாக, அதற்கே வாங்குங்கள். நாரைச் செரிக்கும் வயிறு அதற்குத்தான் உண்டு.