ஷாக் அடித்த கையில் செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளுமா?

கேள்வி: சில வாரங்களுக்கு முன் என் கணவருக்கு மோட்டார் ஸ்விட்சில் ஷாக் அடித்தது. உள்ளங்கையில் சிறு தீப்புண்தான், ஆறிவிட்டது. ஆனால் முன்கை வலிக்கிறது, எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. மின்சாரம் தசை செல்களின் சவ்வில் ஓட்டை போட்டிருக்கும் என்றார் மருத்துவர். அவை இன்னும் திறந்தே இருக்குமா? மூட மருந்து உண்டா?

பதில்: திறந்திருக்காது, அந்தப் பயத்தை விடுங்கள். ஓட்டை விழுந்த செல்லின் கதி பெரும்பாலும் சில நிமிடங்களிலோ மணி நேரங்களிலோ தெரிந்துவிடும். ஓட்டை அடைபடும், இல்லையேல் செல் இறந்துவிடும்.

செல் சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பால் ஆனது, தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதன் இரு பக்கங்களுக்கும் இடையே இயல்பாக 0.1 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தமே இருக்கும். வெளியிலிருந்து பாயும் மின்சாரம் அதை 1 வோல்ட் அளவுக்கு ஏற்றினால் கொழுப்பு மூலக்கூறுகள் விலகித் துளை விழும். செல் நீளமாக இருந்தால் இந்த ஏற்றமும் அதிகம். தசையும் நரம்பும் எளிதில் அடிபடுவது இதனால்தான். தோல் புண் சிறியது என்பதற்காக உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மிகச் சிறிய துளைகள் தாமே மூடிக்கொள்ளும். பெரியவற்றை அடைக்கச் செல் உழைக்க வேண்டும், அதைத் தட்டியெழுப்புவது கால்சியம். செல்லுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே அது சுமார் 10,000 மடங்கு அதிகம் என்பதால் துளை விழுந்ததும் உள்ளே பாய்கிறது. உடனே அனெக்சின் புரதங்கள் ஓட்டையின் விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. லைசோசோம் போன்ற நுண்பைகள் சவ்வோடு இணைந்து ஒட்டுப் போடுகின்றன. சேதமான துண்டைச் செல் வெளியே கிள்ளி எறிவதும் உண்டு. தசையில் டிஸ்ஃபெர்லின் என்ற புரதமும் கைகொடுக்கிறது. பிறவியிலேயே அது குறைபட்டவர்களுக்கு எந்த விபத்தும் இல்லாமலே தசை தேய்கிறது. அன்றாட அசைவிலேயே தசைச் சவ்வு கிழிபட்டு ஓயாமல் பழுது பார்க்கப்படுகிறது என்பதை இது காட்டுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

ஆனால் அதே கால்சியம் அளவு மீறினால் செல்லைக் கொன்றுவிடும். அதை வெளியேற்ற ஆற்றல் வேண்டும். கையிருப்பு தீர்ந்த செல் பிழைக்காது.

உங்கள் கணவருக்கு இப்போது இருப்பது பெரும்பாலும் அதற்கு அடுத்த கட்டம். இறந்த தசை நார்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாக வாரங்கள், மாதங்கள் ஆகலாம். அறுந்த நரம்பு இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். சவ்வை அடைக்கும் போலாக்சமர் 188 என்ற பொருள் ஆய்வுகளில் நம்பிக்கை தந்திருக்கிறது, ஆனால் இதற்கென வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை. சத்து மாத்திரைக்கோ தைலத்துக்கோ இதில் வேலையில்லை.

பிடியில் பலம் குறைந்திருப்பதால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள், பிசியோதெரபியையும் தள்ளிப்போடாதீர்கள். கை வீங்கி இறுகினாலும், விரல்கள் மரத்தாலும், சிறுநீர் அடர்பழுப்பாகப் போனாலும், படபடப்போ மயக்கமோ வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.