எந்த மலையூர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் தாம்பரத்தில் வசிக்கிறோம். நானும் கணவரும் மென்பொருள் துறையில் இருக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை செய்ய இருவருக்கும் நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. எங்களுடன் இருக்கும் மாமியாருக்கு 72 வயது. ஆஸ்துமா உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. போன மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்து திரும்பியதிலிருந்து மலையிலேயே குடியேறிவிட வேண்டும் என்ற நினைப்பு விடவில்லை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய மூன்றில் எங்களுக்கு எது பொருந்தும்? இங்குள்ள வீட்டை விற்று அங்கே இடம் வாங்கிவிடலாமா? நாய் ஒன்றும் வளர்க்கிறோம்.

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் மாமியாரைப் பற்றி ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. ஊரைத் தீர்மானிக்க வேண்டியது அந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். உங்கள் வேலை எங்கிருந்தும் நடக்கும், பிள்ளைகள் ஓராண்டுக்குள் புது ஊருக்குப் பழகிவிடுவார்கள். ஆனால் நள்ளிரவில் நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால், அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது இதயச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இறங்கிச் செல்ல ஒரு சாலை.

இப்படிப் பார்த்தால் கொடைக்கானல் முதலிலேயே விலகிவிடுகிறது. அங்கே அரசு மருத்துவமனை இருந்தாலும், பெரிய சிகிச்சை என்றால் மலையிறங்கி வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டரில் உள்ள மதுரைக்கே போக வேண்டியிருக்கும். குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் மேட்டுப்பாளையம் சுமார் 35 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் அவ்வளவு தூரம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. இரவில் அங்கே எந்தெந்தப் பிரிவில் மருத்துவர் இருப்பார் என்பதை நேரில் சென்று விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

நீங்கள் வந்தது மே மாதம். மே மாதத்தில் இங்கே வந்தவர்கள் எல்லோருமே குடியேற ஆசைப்பட்டுத்தான் கீழே இறங்குகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது நவம்பர். ஊட்டிக்கு மேற்கேயும் கூடலூர்ப் பக்கமும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரி மாவட்டம் முழுவதும் மண்சரிவு ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் துண்டிக்கப்பட்டன, மலை ரயில் பாதையும் சேதமடைந்தது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பர்லியார் வழியில் ஒரு பாறை உருண்டு போக்குவரத்து நிற்பதும், வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவதும் மழைக்காலத்தில் வழக்கமாக நடப்பவை. ஆகவே ஓர் ஊரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்க ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே சாலை இருப்பதால் இரண்டு ஊர்களுக்கும் அந்த மாற்று வழி கிடைக்கிறது. கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாக விடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது மருத்துவமனைக்குப் புறப்படும் நேரக் கணக்கு மாறிவிடும்.

மிச்சமிருக்கும் இரண்டில், கோத்தகிரியில் குடியிருக்கும் நான் உங்களுக்குக் குன்னூரைச் சொல்வதை எங்கள் ஊர்க்காரர்கள் ரசிக்கமாட்டார்கள். கோத்தகிரி சிறிய ஊர், அமைதியானது, கடைத்தெருவில் இரண்டு நாளில் முகம் தெரிந்துவிடும். ஆனால் உங்கள் மகள் நான்கு ஆண்டுகளில் பதினொன்றாம் வகுப்புக்குப் போவாள். அப்போது அவள் விரும்பும் பாடப்பிரிவு அருகிலேயே கிடைப்பதற்குக் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று தொடர்ந்து கிடக்கும் அந்தப் பகுதியில்தான் வாய்ப்பு அதிகம். இங்குள்ள புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை பெரும்பாலும் வெளியூர்ப் பிள்ளைகளுக்காக நடப்பவை, கட்டணமும் அதற்கேற்றதுதான். குன்னூரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வரும். வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலுமாக இருப்பதால், படிக்கட்டு ஏறாமல் வாசலுக்குப் போகக்கூடிய வீடாகத் தேட வேண்டும். ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு அறுபது படி என்பது சிறிய விஷயம் அல்ல.

ஆஸ்துமாவைப் பற்றி அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற பொதுவான நம்பிக்கையை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிரைவிட இங்கே தொல்லை தருவது ஈரம். மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த துணியிலும் தோல் செருப்பிலும் சுவரிலும் பூஞ்சணம் பிடிக்கும், அது மூச்சிரைப்பைக் கூட்டக்கூடியது. காலையிலிருந்தே வெயில் விழும் வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு இணையம் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். காற்று பலமாக வீசும் நாட்களில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மணிக்கணக்கில் மின்சாரம் வராது என்பதால் இன்வெர்ட்டர் அவசியம்.

இடம் வாங்குவதைப் பற்றி: இப்போது வேண்டாம். முதலில் ஒரு நவம்பரையாவது வாடகை வீட்டில் கழித்துப் பாருங்கள். இந்த மலையில் நிலம் என்பது சமவெளியைப் போலப் பத்திரத்தோடு முடிவதில்லை. கட்டடத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு, சரிவில் கட்ட மலைப்பகுதி விதிகளின்படி அனுமதி வேண்டும், 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட நிலமாக இருந்தால் விற்கவோ மரம் வெட்டவோ முன் அனுமதி வேண்டும். மலிவாக இருக்கிறது என்று கூடலூர்ப் பக்கம் யாராவது நிலம் காட்டினால், ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்ட நிலங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவுக்குள் வருகிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பிரிவின் கீழ் பட்டா இல்லாமல் காத்திருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். தாம்பரத்து வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுங்கள். மாமியாருக்கு இங்கே ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கும்.

வண்டியை நீலகிரியின் டிஎன் 43 பதிவுக்கு மாற்றும்வரை உங்களுக்கும், பார்க்க வரும் உறவினர்களுக்கும், மலைக்கு வண்டியில் வர இணையத்தில் எடுக்கும் அனுமதியான இ-பாஸ் தேவைப்படும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இது நடைமுறையில் இருக்கிறது.

நாயைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். இரவில் வாசலில் கட்டிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. இங்கே சிறுத்தை தேயிலைத் தோட்டத்தின் வழியாக வீட்டு வாசல்வரை வரும், அது முதலில் தேடுவது நாயைத்தான்.