இன்டர்வியூல கேக்குற கேள்விகளும் பதிலும்: ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்

மதியம் ரெண்டுலேந்து நாலு வரைக்கும் இருப்பேன். திருச்சி பக்கம் ஒரு ஃபேக்டரி, அப்பறம் சென்னைன்னு 19 வருஷம் ஹெச்.ஆர்ல இருந்தவ, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேள்வி கேட்டே பாதி ஆயுசு போச்சு. இப்ப பாபநாசத்துல வீட்டோட. தனியார் வேலை, பேங்க் இன்டர்வியூ பத்தி கேளுங்க. ஆள் சேத்துவிடச் சொல்லி கேக்காதீங்க. வேலைக்குன்னு எவனாவது காசு கேட்டா ஓடிடுங்க, இத இன்னிக்கு நாலு தடவையாவது சொல்லுவேன்.

கேள்வி (திருவாரூர், பி.காம்): அக்கா, "உங்களப் பத்தி சொல்லுங்க"ன்னு ஆரம்பிப்பாங்கல்ல, அதுக்கு என்ன சொல்றது? எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்ல, அப்பா உரக்கடையில கூட இருந்திருக்கேன், அவ்ளோதான். செவ்வாக்கிழமை திருச்சில அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் இன்டர்வியூ.

பதில்: உரக்கடையில என்ன வேலை பாத்தீங்க தம்பி, அத மொதல்ல சொல்லுங்க.

கேள்வி (அதே தம்பி): கடன் நோட்டு எழுதுவேன் அக்கா. நடவு சமயத்துல யூரியா, டிஏபி கடனா எடுத்துட்டுப் போவாங்க, அறுப்பு முடிஞ்சு டிபிசில, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துல, நெல்லு போட்டு பணம் ஏறுனப்பறம்தான் குடுப்பாங்க. போன் பண்ணி வசூல் பண்றதும் நான்தான்.

பதில்: இத வச்சுகிட்டு எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு சொல்றீங்களே. ஆறு மாசக் கடன யார் யாருக்கு எவ்ளோன்னு கணக்கு வச்சு, சண்டை வராம வசூல் பண்றதுக்கு கம்பெனிக்காரன் தனியா ஒரு ஆள சம்பளம் குடுத்து வச்சிருக்கான். "உங்களப் பத்தி"ன்னா பேரு, அப்பா பேரு, பத்தாவது மார்க்கு, பன்னெண்டாவது மார்க்குன்னு ஒப்பிக்கச் சொல்லல, அதெல்லாம் அவங்க கையில இருக்குற ரெஸ்யூம்லயே இருக்கு. இந்த வேலைக்கு நீங்க ஏன் சரியா வருவீங்கன்னு ஒன்றரை நிமிஷத்துல சொல்லணும். என்ன படிச்சேன் ஒரு வரி, என்ன செஞ்சிருக்கேன் நாலு வரி, இங்க ஏன் வந்தேன் ஒரு வரி. அந்த நாலு வரியில ஒரு நம்பர் இருக்கணும், நோட்டுல எத்தன பேர் கணக்கு, வருஷத்துக்கு எவ்ளோ பாக்கி நிக்கும்னு. வராத கடன எப்படி வாங்குனீங்கன்னு ஒரு சம்பவம் ரெடியா வச்சுக்கோங்க. நிலைமை என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசில என்ன ஆச்சு, இந்த வரிசையில. அப்பா என்ன செஞ்சார்ங்கிறது வேணாம்.

மனப்பாடம் மட்டும் பண்ணாதீங்க. ஒரு தடவ ஒரு பையன் வந்தான், கடகடன்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சான், நடுவுல எங்க சார் "எந்த ஊருன்னு சொன்னீங்க?"ன்னு சும்மாதான் கேட்டாரு. அவ்ளோதான், தொடர்ச்சி அறுந்துபோச்சு, அஞ்சு நிமிஷம் மேல பாத்துட்டு திரும்பவும் "குட் மார்னிங் சார்"லேந்து ஆரம்பிச்சான். யாரும் சிரிக்கல, எனக்குத்தான் இன்னும் மனசு கஷ்டமா இருக்கு. பாயின்ட்ட ஒரு சீட்டுல எழுதுங்க, வாக்கியத்த எழுதாதீங்க. இன்னிக்கு ராத்திரி எழுதி இங்கயே போடுங்க, பாக்குறேன்.

கேள்வி (கும்பகோணம்): வீக்னெஸ் கேட்டா "நான் ஒரு பர்ஃபெக்ஷனிஸ்ட்"னு சொல்லலாமா?

பதில்: வேணாம். ஒரு நாளைக்கு எட்டு பேர் சொல்லுவாங்க. நெசமான ஒண்ண சொல்லுங்க, அதுக்கு என்ன பண்ணிட்டு இருக்கீங்கன்னு சேத்து சொல்லுங்க. "போன்ல இங்கிலீஷ் பேச தயக்கம், அதனால பேசுறதுக்கு முன்னாடி மூணு பாயின்ட் எழுதி வச்சுக்குவேன்", இது போதும். அந்த வேலைக்கே ஆகாத வீக்னெஸ சொல்லிடாதீங்க, கேஷியர் வேலைக்குப் போயி கணக்கு வராதுன்னு சொன்ன ஆளும் உண்டு.

கேள்வி (பட்டுக்கோட்டை): குரூப் 4 இன்டர்வியூக்கு எப்படி தயாராவது மேடம்?

பதில்: குரூப் 4க்கு இன்டர்வியூவே கிடையாது. எழுத்துத் தேர்வு, சர்டிபிகேட் சரிபார்ப்பு, கவுன்சிலிங்.

கேள்வி (மயிலாடுதுறை): செல்ஃப் இன்ட்ரோ எப்படி சொல்லணும்?

பதில்: மேல திருவாரூர் தம்பிக்கு எழுதியிருக்கேன்.

கேள்வி (மன்னார்குடி, பி.எஸ்.சி): டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் டிஎன்பிஎஸ்சிக்கு படிச்சேன், கெடைக்கல. கேப் ஏன்னு கேப்பாங்களே, வீட்டுல அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு சொல்லிடவா?

பதில்: அம்மாவ எதுக்கும்மா இழுக்குறீங்க. படிச்சேன், கெடைக்கலன்னு நேரா சொல்லுங்க, நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் படிச்சுட்டுதான் இருக்காங்க. அவங்க பயப்படுறது வேற. நாளைக்கு நோட்டிஃபிகேஷன் வந்தா இந்தப் பொண்ணு விட்டுட்டுப் போயிடுமான்னுதான். அதுக்கு பதில் வச்சிருங்க. அந்த ரெண்டு வருஷத்துல டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியிருந்தா, டியூஷன் எடுத்திருந்தா அதையும் சொல்லுங்க.

கேள்வி (நன்னிலம், பேங்க் பிஓ, அதாவது ஆபீசர் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு): அக்கா, அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா "விவசாயி"ன்னு சொல்லலாமா? எங்களுக்கு நெலம் இல்ல, அப்பா கூலி வேலைக்குதான் போறாரு.

பதில்: வாழ்த்துகள் தம்பி, மெயின்ஸ் எழுத்துத் தேர்வத் தாண்டுறதே பெரிசு. ஐபிபிஎஸ் நடத்துற பிஓ தேர்வுன்னா மெயின்ஸ் 80, இன்டர்வியூ 20ன்னுதான் கணக்கு, அதனால பயந்து சாகாதீங்க. அப்பா விவசாயக் கூலின்னா அப்படியே சொல்லுங்க. விவசாயின்னு சொன்னீங்கன்னா அடுத்த கேள்வி "எத்தன ஏக்கர்?", அங்க மாட்டுவீங்க. பேங்க்ல ஊரப் பத்தி கண்டிப்பா கேப்பாங்க, டெல்டான்னா பயிர்க்கடன், விவசாயிக்கு பேங்க் கடன் எடுக்கக் குடுக்குற கிசான் கிரெடிட் கார்டு, இந்த ரெண்டும் தெரியணும். கார்டு 1998ல வந்தது. பேங்க் குடுக்குற கடன்ல 40 சதவீதம் விவசாயம், சின்னத் தொழில் மாதிரி முன்னுரிமைத் துறைக்கு, அந்த 40லயே 18 விவசாயத்துக்குன்னு இருக்கு, அதையும் பாத்துட்டுப் போங்க.

இடையில (சென்னையில இருக்கும் மாயவரத்துக்காரர்): தப்பா சொல்றீங்க மேடம். கூலி, விவசாயம்னு சொன்னா அறுப்புக்கு லீவு கேப்பான்னு நெனைப்பாங்க. "பிசினஸ்"னு சொல்லிட்டு போறதுதான் புத்திசாலித்தனம்.

பதில்: என்ன பிசினஸ்னு கேட்டா சார்? பொய்ய ஒரு வரியில சொல்லிடலாம், அதுக்கு முட்டு குடுக்கத்தான் ஒம்போது வரி வேணும்.

இடையில (ஒரத்தநாடு): அக்கா சொல்றது சரி. நான் போனப்ப விவசாயம்னு சொன்னேன், என்ன பயிருன்னாங்க, ஒரே வயல்ல குறுவை, சம்பா, தாளடின்னு மூணு போகம் நெல்லுன்னு அடிச்சுவிட்டேன். பேனல்ல ஒருத்தர் கும்பகோணத்துல மேனேஜரா இருந்தவராம், சிரிச்சுட்டாரு.

இடையில (மாயவரத்துக்காரர்): ஏன், மூணு போகம்தானே?

பதில்: அய்யோ சார், ஊர விட்டுப் போயி எத்தன வருஷம் ஆச்சு? ஜூன்ல குறுவை போட்டா 110 நாள்ல அறுத்துட்டு அதே வயல்ல போடுறதுதான் தாளடி. குறுவை போடாத வயல்ல ஒரே போகமா போடுறது சம்பா, சி.ஆர் 1009 ரகம் மாதிரி அஞ்சு மாசப் பயிரு. ஒரே வயல்ல மூணும் எப்படி வரும்? சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கறப்ப ஈரத்துலயே உளுந்து, பயறு தெளிக்கிறாங்களே, அத வேணா கூட சேத்துக்கலாம்.

இடையில (நீடாமங்கலம்): மேட்டூர் டேம் தண்ணி ஜூன் 12 தொறந்து வந்தாத்தானே குறுவை.

இடையில (ஒரத்தநாடு): 2022ல மே 24ஏ தொறந்தாங்க, 2024ல ஜூலை கடைசி. அப்பறம் என்ன ஜூன் 12?

இடையில (நீடாமங்கலம்): வழக்கத்த சொன்னேன் அண்ணே, கோவப்படாதீங்க. போர்வெல் வச்சிருக்கவங்க மேட்டூரப் பாத்தா நாத்து விடுறாங்க?

பதில்: இன்டர்வியூல "வழக்கமா ஜூன் 12, டேம்ல தண்ணியப் பொறுத்து மாறும்"னு சொன்னா ரெண்டு பேருக்கும் மார்க்கு. மேட்டூர் டேம் 1934ல முடிஞ்சது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதையும் வச்சுக்கோங்க. இத்தோட விடுங்க, இது இன்டர்வியூ கேள்வி பதில், வாய்க்கா பஞ்சாயத்து இல்ல. நன்னிலம் தம்பி, பாத்தீங்கல்ல, இவ்ளோ நேரம் ஓடுது. ஊரப் பத்திக் கேட்டா உங்களுக்கு சொல்ல விஷயமா இல்ல?

கேள்வி (நாகப்பட்டினம்): செல்ஃப் இன்ட்ரோ பிடிஎஃப் இருக்கா?

பதில்: இல்ல.

கேள்வி (தஞ்சாவூர், பொண்ணு): கல்யாணம் எப்போன்னு கேக்குறாங்க மேடம், என்ன சொல்ல?

பதில்: கேக்கக் கூடாத கேள்விதான், ஆனா கேப்பாங்க. "இப்போதைக்கு வேலையிலதான் கவனம், எந்த ஊருல போட்டாலும் வருவேன்", அவ்ளோதான், முகத்துல சிரிப்போட. அதுக்கு மேலயும் நோண்டுனாங்கன்னா அந்த எடம் எப்படின்னு உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு.

கேள்வி (வேதாரண்யம்): ஹாபி என்ன போடலாம்?

பதில்: செய்யறத போடுங்க. என்னோட மொத இன்டர்வியூல "பேப்பர் படிப்பேன்"னு போட்டிருந்தேன், இன்னிக்கு தலைப்புச் செய்தி என்னன்னு கேட்டாங்க. விடிகாலை நாலு மணி பஸ் ஏறி வந்தவளுக்கு எங்க பேப்பரு. ரெஸ்யூம்ல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் நீங்கதான் ஜாமீன்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): செலக்ட் ஆயிட்டேன், டிரெயினிங்குக்கு 8,000 கட்டணும், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அவங்களே வச்சுக்குவாங்களாம்.

பதில்: ஓடிடுங்க. ஒரிஜினல காட்டலாம், ஜெராக்ஸ் குடுக்கலாம், விட்டுட்டு வரக் கூடாது. காசு பேச்சே கெடையாது. இது ரெண்டாவது தடவ சொல்றேன்.

கேள்வி (சீர்காழி): இதுக்கு முன்னாடி இங்க 8,000 கேட்டது எந்த கம்பெனி?

பதில்: அவரத்தான் கேக்கணும். மொதல் தடவதான் அவரு சொல்றாரு, ரெண்டாவதுன்னது நான் ஓடிடுங்கன்னு சொன்ன கணக்கு.

கேள்வி (திருக்காட்டுப்பள்ளி): சம்பளம் எவ்ளோ எதிர்பாக்குறீங்கன்னா?

பதில்: அந்த வேலைக்கு அந்த ஊருல என்ன குடுக்குறாங்கன்னு சீனியர்கிட்ட விசாரிச்சுட்டுப் போங்க. "நீங்க குடுக்கறத குடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, குடுத்துடுவாங்க.

கேள்வி (அறந்தாங்கி): அக்கா உங்களப் பத்தி சொல்லுங்கன்னா...

பதில்: மேல.

கேள்வி (திருவாரூர் தம்பி): அக்கா எழுதிட்டேன். "பி.காம் முடிச்சிருக்கேன். அப்பாவோட உரக்கடையில மூணு வருஷமா 140 பேரோட கடன் கணக்கு நான் பாக்குறேன். போன வருஷம் பழைய பாக்கி 11 பேர்கிட்ட நின்னுச்சு, டிபிசில பணம் ஏறுற தேதிய கேட்டு வச்சுகிட்டு அன்னைக்கே நேர்ல போனேன், 9 பேர் கட்டிட்டாங்க. இந்தக் கணக்க கம்பியூட்டர்ல பெரிசா பாக்கணும்னு வந்திருக்கேன். ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர்."

பதில்: கடைசி வரிய அடிச்சிடுங்க, மத்தது அப்படியே இருக்கட்டும். மீதி ரெண்டு பேர் என்ன ஆனாங்கன்னு கேப்பாங்க, அதுக்கு பதில் வச்சுக்கோங்க. பத்து மணின்னா மொத பஸ்ஸயே புடிங்க, தஞ்சாவூர்ல எறங்கி டீ குடிக்கறேன்னு நிக்காதீங்க.