கல்பாக்கம் ஈனுலையும் சோடியமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஈனுலை, எரிப்பதைவிட அதிக எரிபொருளைத் தரும் என்கிறார்களே. அடுப்பில் வைத்த விறகு கூடுமா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: விறகு கூடாது. பக்கத்தில் கிடக்கும் எரியாத கட்டை, எரியும் கட்டையாக மாறும். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் 235 வகை 0.7 சதவீதம்தான், மீதி ஏறக்குறைய முழுக்க 238. அது ஒரு நியூட்ரானை விழுங்கினால் சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆகிவிடும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் உலையில் நடுவே புளூட்டோனியம், யுரேனியம் கலந்த ஆக்சைடு எரிபொருள். சுற்றிலும் யுரேனியப் போர்வை. ஆனால் ஈனும் விகிதம் சுமார் 1.05, அதாவது நூறு தீர்ந்தால் நூற்றைந்து. எரிபொருள் ஆறக் காத்திருப்பதையும், அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் மறுபதப்படுத்தலின்போது ஏற்படும் இழப்பையும் கழித்தால் அடுத்த உலைக்கு வேண்டிய எரிபொருள் சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். உலோக எரிபொருளுக்கு மாறினால்தான் இது வேகம் பிடிக்கும்.

கேள்வி: தண்ணீர் பட்டால் வெடிக்கும் சோடியத்தை ஏன் உலைக்குள் ஊற்றுகிறார்கள்? (வாசகி, மதுராந்தகம்)

பதில்: தண்ணீர் நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துவிடும், இந்த உலைக்கு வேகம் குறையாத நியூட்ரான்தான் வேண்டும். சோடியம் 98 டிகிரியில் உருகி 883 டிகிரியில்தான் கொதிக்கும். உலையிலிருந்து அது வெளிவருவது சுமார் 547 டிகிரியில். அதனால் அழுத்தம் ஏற்றத் தேவையில்லை. கூடங்குளம் போன்ற உலைகளில் தண்ணீர் கொதிக்காமலிருக்க 150 மடங்குக்கும் மேல் காற்றழுத்தம் தேவை. உலை நின்றபிறகு மிஞ்சும் வெப்பத்தையும், பம்பு ஓடாவிட்டால்கூட, சோடியம் தானே சுழன்று காற்றுக்குக் கடத்திவிடும்.

தலைவலி நீராவி உற்பத்திக் கலத்தில். அங்கே மெல்லிய எஃகுச் சுவருக்கு ஒருபுறம் சோடியம், மறுபுறம் உயர் அழுத்த நீர். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் நீராவி பீச்சியடிக்கும். ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் உண்டாகி அடுத்த குழாயையும் அரித்துவிடும். இதற்காகவே கதிரியக்கமுள்ள சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கதிரியக்கமற்ற இன்னொரு சோடியச் சுற்று வைத்திருக்கிறார்கள். சோடியத்தில் ஹைட்ரஜன் துளி ஏறினாலே கருவி காட்டிவிடும். உடனே நீரை அடைத்துவிட்டுச் சோடியத்தைக் கீழ்த்தொட்டிக்கு வடிக்க வேண்டும். இன்னொரு தொல்லை, சோடியம் கண்ணாடி போன்றதல்ல. உள்ளே நடப்பது தெரியாது. 1987-இல் கல்பாக்கத்தின் சிறிய சோதனை ஈனுலையில் எரிபொருள் கையாளும்போது பாகங்கள் வளைந்து, மறுபடி இயக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

கேள்வி: சோடியம் எங்காவது கசிந்திருக்கிறதா? (வாசகர், கோவை)

பதில்: நிறையவே. ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பரில் வெப்பமானியின் உறை, சோடிய ஓட்டத்தின் அதிர்வில் ஒடிந்தது. சுமார் 640 கிலோ கசிந்து தீப்பிடித்தது. கதிரியக்கம் வெளியேறவில்லை, ஆனால் விபத்துக் காணொளியில் ஒரு பகுதியை நிர்வாகம் மறைத்தது அம்பலமானபோது மக்களின் நம்பிக்கை போயிற்று. 2016-இல் உலையையே மூட முடிவெடுத்தார்கள். ரஷ்யாவின் பி.என்-600 உலையில் முதல் பதினேழு ஆண்டுகளில் 27 கசிவுகள், அவற்றில் 14 தீப்பிடித்தவை. ஆனாலும் 1980 முதல் மின்சாரம் தருகிறது. கசியும் என்று கருதியே அதன் அறைகளைப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பார்வையில் சரியான அணுகுமுறை அதுதான்.

கேள்வி: இது சுத்தமான மின்சாரமா, மலிவானதா? (வாசகர், திருச்சி)

பதில்: கரியமில வாயுவைப் பொறுத்தவரை சுத்தம்தான். ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 கணக்குப்படி, கட்டுமானம் முதல் கழிவு வரை சேர்த்து அணு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 12 கிராம், நிலக்கரிக்கு 820 கிராம். மலிவா என்றால், இல்லை. 2004-இல் தொடங்கிய கல்பாக்கம் ஈனுலைக்கு முதலில் 3,492 கோடி ரூபாய் ஒதுக்கி 2010-இல் முடிப்பதாகச் சொன்னார்கள். மையத்தில் எரிபொருள் ஏற்றும் கட்டம் தொடங்கிவைக்கப்பட்டதே 2024 மார்ச்சில்தான்.

கேள்வி: மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறதே, அதை நேரடியாக எரித்தால் என்ன? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தோரியம் தானாக எரியாது, முதலில் யுரேனியம்-233 ஆக வேண்டும். அப்படிப்பட்ட எரிபொருளில் கல்பாக்கத்தில் 'காமினி' என்ற 30 கிலோவாட் உலை 1996 முதல் இயங்குகிறது. பெரிய அளவில் சிக்கல், கூடவே உண்டாகும் யுரேனியம்-232. அதன் வழித்தோன்றல்கள் கடும் காமா கதிர் வீசுவதால் கையுறைப் பெட்டிக்குள் (சுவரில் பொருத்திய கையுறைகளில் கைவிட்டு வேலை செய்யும் அடைத்த பெட்டி) வேலை செய்ய முடியாது. தடித்த சுவருக்கு இப்பாலிருந்து இயந்திரக் கைகளால்தான் எரிபொருளைச் செய்யவேண்டும்.