பிரிஸ்மா படத்தில் காணாமல் போன நான்கு

ஒரு கேள்வி பற்றி வெளியான ஆய்வுகளைத் தேடித் தொகுக்கும் உங்கள் மீளாய்வில், எத்தனை கட்டுரைகளைப் பார்த்து, விலக்கி, சேர்த்தீர்கள் என்று காட்டுவது பிரிஸ்மா படம். அதில் முழுதாகப் படித்தவை 64, விலக்கியவை 41, கடைசியில் சேர்த்தவை 19. பாக்கி 4 எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு தப்பில்லை என்றே நினைக்கிறேன். 64 என்று நீங்கள் எண்ணியது கட்டுரைகளை, 19 என்று எண்ணியது ஆய்வுகளை. ஒரே மருந்துச் சோதனையின் ஆறு மாத முடிவை ஒரு கட்டுரையாகவும் இரண்டு வருட முடிவை இன்னொன்றாகவும் வெளியிடுவது சகஜம். பிரிஸ்மா 2020 படத்தின் கடைசிப் பெட்டியில் இதற்காகவே இரண்டு வரி உண்டு: சேர்த்த ஆய்வுகள் 19, அவற்றின் அறிக்கைகள், அதாவது 64-இல் 41 போக மிஞ்சிய கட்டுரைகள், 23.

ஆனாலும் ஊகத்தில் போட்டுவிடாதீர்கள். அந்த 23-ஐயும் எக்செல்லில் வரிசையாக வைத்து, சோதனைப் பதிவு எண் (சோதனையைப் பதிவேட்டில் பதியும்போது தரும் எண்), ஆள் சேர்த்த தேதிகள், பங்கேற்றவர் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். என் முதல் மீளாய்வில் நான் ஆசிரியர் பெயரை மட்டும் பார்த்தேன். முதல் ஆசிரியர் மாறியிருந்ததால் அதே நோயாளிகளை மெட்டா பகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதில்) இரண்டு தடவை கூட்டிவிட்டேன். நல்லவேளை, மதிப்பீட்டாளர் பிடித்தார்.

அப்புறம், இரண்டாவது கட்டுரையை ‘நகல்’ என்று விலக்கியவற்றோடு தள்ளாதீர்கள். பக்கவிளைவு விவரம் சில சமயம் அதில்தான் இருக்கும். பதிவு எண்ணே இல்லாத பழைய கட்டுரை என்றால் ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.