வௌவால் சிறகு, பறவைச் சிறகு: அமைப்பொத்தவையா, செயலொத்தவையா?

கேள்வி: வௌவாலின் சிறகும் பறவையின் சிறகும் ஒரு புத்தகத்தில் அமைப்பொத்த உறுப்புகள் என்றும் இன்னொன்றில் செயலொத்த உறுப்புகள் என்றும் வருகின்றன. எது சரி? புதிதாக ஒரு ஜோடியைக் கொடுத்தால் எப்படிப் பிரிப்பது?

பதில்: இரண்டும் சரிதான். எந்த உறுப்பாக ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் குழப்பம் வருகிறது. முன்னங்கால்களாக அவை அமைப்பொத்தவை (ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை), சிறகுகளாகச் செயலொத்தவை (ஒரே வேலைக்காகத் தனித்தனியே உருவானவை).

முதலில் எலும்பைப் பாருங்கள். இரண்டிலும் தோளிலிருந்து ஹியூமரஸ் (மேற்கை எலும்பு), அடுத்து ரேடியஸ், அல்னா (முன்கையின் இரு எலும்புகள்), பிறகு மணிக்கட்டு, விரல்கள் என்று அதே வரிசை. பறக்கும் பரப்பு மட்டும் வேறு. வௌவாலில் நான்கு விரல்கள் நீண்டு தோல் சவ்வைத் தாங்குகின்றன. கட்டைவிரல் நகத்தோடு தனியே நிற்கிறது. அல்னா மெலிந்து ரேடியஸோடு ஒட்டிவிட்டது. பறவையிலோ அல்னாதான் தடிமன். பல பறவைகளில் சிறகிறகுகள் ஊன்றிய இடங்கள் அதன்மேல் சிறு முடிச்சுகளாகவே தெரியும். விரல்கள் மூன்றாகக் குறைந்து, அவற்றிலும் சில எலும்புகள் இணைந்துவிட்டன.

அடுத்து வம்சமரம். பறவையும் வௌவாலும் பிரிந்த பொது மூதாதை 30 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதற்கு முன்னங்கால் இருந்தது, சிறகு இல்லை. பறவைக்கு நெருங்கிய உறவான முதலைக்கும் சிறகில்லை. பாலூட்டிகளில் வௌவால் மட்டுமே சிறகடித்துப் பறக்கிறது. ஆக, முன்னங்கால் பரம்பரையாக வந்தது, சிறகு இரு கிளைகளிலும் தனித்தனியே உருவானது. பூச்சியின் சிறகை இங்கே சேர்த்தால் வேலை சுலபம்: அதில் எலும்பே கிடையாது.

எந்த ஜோடியானாலும் அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் எதோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். எண்ணிக்கையும் ஏமாற்றும்: குதிரைக்குக் காலில் ஒரே விரல், ஆனால் அது நடுவிரல்தான் என்பதை இருப்பிடம் காட்டிக்கொடுக்கிறது. பாண்டாவின் 'கட்டைவிரல்' ஐந்து விரல்களுக்கும் வெளியே, மணிக்கட்டில் பெரிதாக வளர்ந்த ஒரு சிற்றெலும்பு. அதை நம் கட்டைவிரலோடு அமைப்பொத்தது என்று எழுதினால் தவறு.

இருப்பிடம் கைகொடுக்காதபோது கரு வளர்ச்சிக்குப் போக வேண்டும். ஆக்டோபஸ் கண்ணும் நம் கண்ணும் லென்ஸ், விழித்திரை என அச்சாக ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நம் விழித்திரை கருவின் மூளையிலிருந்து புடைத்து வருவது. ஆக்டோபஸுக்கு மேல்தோல் உள்மடிந்து உருவாகிறது. நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளி வரும் பக்கம் ஓடி, ஒரு துளை வழியாக வெளியேறுவதால் குருட்டுப்புள்ளி உண்டு. ஆக்டோபஸுக்கு அது இல்லை.

இங்கே கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே சறுக்குவார்கள். இரண்டு கண்களின் வளர்ச்சியிலும் பாக்ஸ்-6 மரபணு பங்கேற்கிறது, அதனால் கண்களும் அமைப்பொத்தவை என்பார்கள். பொதுவாக வந்தது மரபணுவும் ஒளியுணரும் செல்களும்தான். லென்ஸோடு கூடிய கேமரா போன்ற கண் தனித்தனியே தோன்றியது. விடை எழுதும்போது 'கேமரா வகைக் கண்களாகச் செயலொத்தவை' என்று, எந்த மட்டத்தில் ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.